பேச்சிப்பாறைப் பாலுக்கு யார் விலை சொல்வது?

பேச்சிப்பாறை, கடையல், குலசேகரம், திற்பரப்பு வட்டாரத்தில் ரப்பர் வைத்திருப்பவர்கள் மாலையானால் கைபேசியில் இரண்டு எண்களைத் தேடுவார்கள். ஒன்று கோட்டயம் விலை, மற்றது பாங்காக் விலை. மறுநாள் விடியுமுன் தலைவிளக்கு மாட்டிக்கொண்டு பால்வெட்டப் போவதா, ஆள் கூலிக்குக் கட்டுப்படியாகாது என்று மரத்தைச் சும்மா விடுவதா என்பதை அந்த எண்கள்தான் தீர்மானிக்கின்றன. இரண்டில் எதையும் நிர்ணயிக்கும் இடத்தில் குமரி விவசாயி இல்லை. தன் பொருளின் விலையை வானிலை அறிக்கைபோலக் கேட்டுத் தெரிந்துகொள்பவராகவே அவர் இருக்கிறார்.

எல்லா விவசாயிக்கும் இதே கதைதானே என்று தோன்றலாம். தோவாளைப் பூக்காரருக்கும் நாஞ்சில் நெல்காரருக்கும் விலை கையில் இல்லை. ஆனால் ரப்பரின் நிலை வேறு. இது நாடு முழுவதும் தட்டுப்பாடாக இருக்கும் சரக்கு. 2023-24இல் இந்தியா உற்பத்தி செய்த இயற்கை ரப்பர் சுமார் 8.57 லட்சம் டன். பயன்படுத்தியதோ 14 லட்சம் டன்னுக்கும் மேல். தேவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கப்பலில் வருகிறது. சந்தையில் பற்றாக்குறை உள்ள பொருளை விற்பவர் நிமிர்ந்து விலை பேச வேண்டும். இங்கே அவர் குனிந்து நிற்கிறார். ஏன்?

விலை ஏறும்போது பால் இல்லை

முதலில் விலையின் போக்கைப் பார்ப்போம். இந்தியச் சந்தையின் அளவுகோலான ஆர்.எஸ்.எஸ்.-4 ரகப் புகையூட்டிய ஷீட், 2011 ஏப்ரலில் கிலோ 240 ரூபாயைத் தாண்டியது. ஐந்தே ஆண்டுகளில், 2016 பிப்ரவரியில், அது 100 ரூபாய்க்கும் கீழே விழுந்தது. பின்னர் நெடுங்காலம் 120, 130 என்று கிடந்து, 2024 ஆகஸ்டில் 247 ரூபாயைத் தொட்டுப் பழைய உச்சத்தைக் கடந்தது.

ரப்பர் கன்று நட்டால் பால்வெட்டத் தொடங்க ஏழு ஆண்டு ஆகும். 2011 உச்சத்தைப் பார்த்து நெல்லையும் மரச்சீனியையும் கைவிட்டு ரப்பர் வைத்தவர், முதல் சிரட்டையைக் கட்டியது 2018 வாக்கில். அப்போது விலை அவர் கன்று வாங்கிய நாள் விலையில் பாதி. வயலில் நெல்லை மாற்றிப் பயறு போடுவதுபோல மரத்தை மாற்ற முடியாது. இருபத்தைந்து, முப்பது ஆண்டுகளுக்கு அவர் அந்த மரத்தோடு கட்டப்பட்டவர்.

2024 உச்சமும் எல்லோருக்கும் பயன்படவில்லை. ஆகஸ்ட் மழைக்காலம். மரத்தில் மழைமறைப்பு பிளாஸ்டிக் கட்டாத சிறு விவசாயி அந்த மாதங்களில் பால்வெட்டுவதில்லை. சந்தைக்குச் சரக்கு வராததே விலை ஏறியதற்கு ஒரு காரணம். பால் பெருகும் குளிர்மாதங்களில் விலை இறங்கிவிடுகிறது. விலை ஏறும்போது பால் இல்லை, பால் சுரக்கும்போது விலை இல்லை என்ற நிலை. சராசரி விலை எவ்வளவு என்பதைவிட, எந்த மாதத்தில் யாரிடம் சரக்கு இருந்தது என்பதே வருமானத்தைத் தீர்மானிக்கிறது. சரக்கைத் தேக்கிவைத்து விற்கும் வசதி வியாபாரிக்கும் ஆலைக்கும் உண்டு; அரை ஏக்கர், ஓர் ஏக்கர் வைத்திருப்பவருக்கு இல்லை. இந்தியாவில் ரப்பர் பரப்பில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் சிறுதோட்டங்கள். சராசரி அளவு அரை ஹெக்டேரை ஒட்டியது.

ஜெனிவாவின் பட்டியலில் இது பயிரே இல்லை

மலையடிவாரத்தில் குழி தோண்டி, கன்று நட்டு, உரம் வைத்து, மழைக்கும் நோய்க்கும் அஞ்சி வளர்க்கும் இந்த மரம், ஜெனிவாவைத் தலைமையிடமாகக் கொண்ட உலக வர்த்தக அமைப்பின் வேளாண் ஒப்பந்தத்தில் வேளாண் பொருளாகச் சேர்க்கப்படவில்லை. தேயிலை, காபி, மிளகு, கிராம்பு எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. சுங்கப் பட்டியலின் 40ஆவது அத்தியாயத்தில் டயர், டியூபுகளோடு வைக்கப்பட்டிருக்கும் இயற்கை ரப்பர் தொழில்துறை மூலப்பொருளாகவே கருதப்படுகிறது. வேளாண் பொருட்கள் பலவற்றுக்கு 100 சதவீதம், அதற்கும் மேல் வரி விதிக்கும் உரிமையை இந்தியா உலக வர்த்தக அமைப்பில் தக்கவைத்துக்கொண்டது. உலர் ரப்பருக்கு ஒப்புக்கொண்ட உச்சவரம்பு 25 சதவீதம் மட்டுமே.

டெல்லியிலும் இதே பார்வைதான். ரப்பர் வாரியம் வேளாண் அமைச்சகத்தின் கீழ் இல்லை, வணிக அமைச்சகத்தின் கீழ் இருக்கிறது. குறைந்தபட்ச ஆதரவு விலை அறிவிக்கப்படும் பயிர்களில் ரப்பர் கிடையாது. விதைப்பதும் அறுப்பதும் விவசாயியாக, விற்பது மட்டும் தொழிற்சாலைக்கு மூலப்பொருள் தருபவராக என்ற இரட்டை வேடம் குமரி விவசாயிமீது சுமத்தப்பட்டிருக்கிறது. அதன் விலையையும் அவரே கொடுக்கிறார்.

இறக்குமதி வரியை உயர்த்த வேண்டும் என்ற கோரிக்கை ஒவ்வொரு தேர்தலிலும் மார்த்தாண்டம் மேடைகளில் ஒலிக்கிறது. அதன் எல்லையை நேர்மையாகச் சொல்ல வேண்டும். 2015 முதல் உலர் ரப்பருக்கான வரி 25 சதவீதம் அல்லது கிலோவுக்கு 30 ரூபாய், இரண்டில் எது குறைவோ அது. கணக்குப் போட்டால், வெளிநாட்டு விலை 120 ரூபாயைத் தாண்டியதும் 25 சதவீதம் என்பது பெயரளவுக்கே; 30 ரூபாய்தான் வசூலாகும். வெளியே 180 ரூபாய் விற்கும்போது உண்மையான வரி 17 சதவீதத்துக்கும் குறைவு. 'எது அதிகமோ அது' என்று மாற்றச் சொல்வது கேட்க நன்றாக இருக்கும். ஆனால் விலை 120க்குக் கீழே போகும் நாளில் அது உலக வர்த்தக அமைப்பில் நாம் கொடுத்த வாக்கை மீறும். 'எது குறைவோ' என்ற சொற்றொடரை மட்டும் எடுத்துவிட்டு 25 சதவீதத்தை அப்படியே வசூலிப்பதற்கு எந்த ஒப்பந்தமும் தடையில்லை. இருக்கும் உரிமையையே முழுதாகப் பயன்படுத்தவில்லை என்பதை எடுத்துச்சொல்ல வேண்டியவர்கள் நம் மக்களவை உறுப்பினர்கள்.

வரிச்சுவரில் வேறு வாசல்களும் உண்டு. ஏற்றுமதிக்கான டயர் செய்யும் நிறுவனங்கள், முன் அனுமதித் திட்டத்தின் கீழ் வரியில்லாமல் ரப்பர் கொண்டுவரலாம். 2010இல் நடைமுறைக்கு வந்த ஆசியான் நாடுகளுடனான வர்த்தக ஒப்பந்தத்தில் இயற்கை ரப்பரை இந்தியா விலக்கிவைத்தது. ஆனால் அதே ரப்பரில் வேறு பொருட்கள் கலந்த கலவை ரப்பர் குறைந்த வரியில் வந்துகொண்டிருந்தது. 2023 பட்ஜெட்டில்தான் அதற்கான அடிப்படை வரி 10 சதவீதத்திலிருந்து இயற்கை ரப்பருக்கு இணையாக உயர்த்தப்பட்டது. வாசல் திறந்திருப்பது தெரிந்து அடைக்க முயலவே ஒரு பத்தாண்டுக்கு மேல் ஆனது.

1947ஆம் ஆண்டின் ரப்பர் சட்டம், விலைக்குக் கீழ்வரம்பும் மேல்வரம்பும் விதிக்கும் அதிகாரத்தை மத்திய அரசுக்குத் தந்தது. அந்த அதிகாரத்தைக் கொண்டு 2001இல் ஆர்.எஸ்.எஸ்.-4க்குக் கிலோ 32.09 ரூபாய் என்று குறைந்தபட்ச விலை அறிவிக்கப்பட்டதும் உண்டு. அதன்பின் அந்தப் பிரிவு ஏட்டில் உறங்குகிறது. 2003இல் தேயிலை, காபி, ரப்பர், புகையிலைக்காகத் தொடங்கிய விலை நிலைப்பு நிதியும் பத்தாண்டில் முடிவுக்கு வந்தது.

இந்த வெற்றிடத்தில் கேரளம் தன் பணத்தைப் போட்டது. 2015இல் தொடங்கிய ரப்பர் உற்பத்தி ஊக்கத்தொகைத் திட்டத்தில், சந்தை விலை 150 ரூபாய்க்குக் கீழே போனால் வித்தியாசத்தை விவசாயியின் வங்கிக் கணக்கில் மாநில அரசு செலுத்தியது. அந்த அடிவிலை 2021இல் 170 ஆகவும், 2024இல் 180 ஆகவும் உயர்ந்தது. பணம் தாமதமாக வருகிறது என்ற குறை அங்கே உண்டு. ஆனால் களியக்காவிளை எல்லைக்கு அந்தப் பக்கம் கேட்க ஓர் உரிமையாவது இருக்கிறது. இந்தப் பக்கம், 1956 நவம்பர் 1 வரை ஒரே திருவிதாங்கூர்-கொச்சி மாநிலமாக இருந்த மண்ணில், அதே மரத்தை அதே மழையில் வெட்டுபவருக்கு அப்படி ஒரு திட்டம் இல்லை. தமிழ்நாட்டில் ரப்பர் ஏறத்தாழ ஒரே மாவட்டத்தின் பயிர். சென்னையின் கவனத்துக்கு வராமல் போவதற்கு அதுவே காரணம். மாநில நிதிநிலைக்குப் பெரிய சுமையாக இருக்காது என்பதற்கும் அதுவே ஆதாரம்.

பேரத்துக்கு உட்கார்ந்தவர்கள்

ரப்பரின் கதை முழுவதும் நாடுகளுக்கிடையே நடந்த பேரத்தின் கதை. 1876இல் ஹென்றி விக்காம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலின் தப்பஜோஸ் ஆற்றங்கரையிலிருந்து சுமார் 70 ஆயிரம் விதைகளை லண்டனின் கியூ தோட்டத்துக்குக் கொண்டுசென்றார். முளைத்தவை சில ஆயிரம். அவற்றில் பெரும்பகுதி இலங்கைக்கு அனுப்பப்பட்டது. அங்கிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் பரவிய மரம், 1902இல் பெரியாற்றங்கரையில் தட்டேக்காட்டில் வணிகப் பயிராக ஊன்றியது. பிரேசிலில் இலைக்கருகல் நோய் தோட்டப் பயிராக வளரவிடாத மரம், ஆசியாவில் பேரரசுகளின் செல்வமாயிற்று.

அந்தச் செல்வத்துக்கு விலை கட்ட முதலில் முயன்றவர்கள் ஆங்கிலேயர்கள். 1922இல் ஸ்டீவன்சன் திட்டம் என்ற பெயரில் மலாயா, இலங்கை ஏற்றுமதியைக் குறைத்து விலையைத் தூக்கினார்கள். டச்சுக்காரர்கள் சேரவில்லை. சுமத்ரா, போர்னியோவின் சிறு விவசாயிகள் உயர்ந்த விலையைப் பார்த்து ரப்பரை நட்டுத்தள்ளினார்கள். 1928இல் திட்டம் கலைந்தது. 1934இல் டச்சு, பிரெஞ்சு, சயாம் எல்லோரையும் சேர்த்துக்கொண்டு பன்னாட்டு ரப்பர் ஒழுங்குமுறை ஒப்பந்தம் வந்தது. இந்தியாவும் அதில் இருந்தது. ஆனால் கையெழுத்திட்டது காலனி அரசு. புதிதாக நடக் கூடாது என்ற தடை மட்டுமே விவசாயிக்குக் கிடைத்தது. 1942இல் ஜப்பான் மலாயாவைப் பிடித்ததும் காட்சி மாறியது. ரப்பர் கிடைக்காத நேச நாடுகளுக்காக இங்கே உற்பத்தியைப் பெருக்க ஒரு வாரியமே அமைக்கப்பட்டது. வாங்குபவனுக்கு அவசரம் வரும்போதுதான் விற்பவனின் பெயர் நினைவுக்கு வருகிறது.

விற்பவர் அந்த அவசரத்தைப் பயன்படுத்திக்கொண்ட ஒரு பேரத்தையாவது நாம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். 1952இல் இலங்கைக்கு அரிசித் தட்டுப்பாடு. ரப்பர் விலை சரிந்துகொண்டிருந்தது. அமெரிக்கா எதிர்பார்த்த விலை தரவில்லை. கொரியப் போரால் சீனாமீது வணிகத் தடை. சீனாவுக்கு ரப்பர் கிடைக்கவில்லை. வர்த்தக அமைச்சர் ஆர்.ஜி.சேனநாயக்க பீக்கிங்கோடு ஒப்பந்தம் செய்தார். ஆண்டுக்கு 50 ஆயிரம் டன் ரப்பர் கொடுத்து 2 லட்சத்து 70 ஆயிரம் டன் அரிசி பெறுவது, ஐந்தாண்டு உறுதி, ரப்பருக்கு உலகச் சந்தையைவிடக் கூடுதல் விலை. அரசியலில் சீனாவோடு ஒட்டும் உறவும் இல்லாத ஓர் அரசுதான் அதைச் செய்தது. அமெரிக்காவின் கோபத்தையும் பொறுத்துக்கொண்டது. யாருக்கு எது அவசரமாகத் தேவை என்று தெரிந்து, அதைத் தருபவராகத் தம்மை நிறுத்திக்கொண்டதில்தான் அந்தப் பேரத்தின் வெற்றி.

அந்த ரப்பரை வெட்டிக் கொடுத்தவர்களில் தமிழகத்திலிருந்து சென்றவர்களின் பிள்ளைகளும் இருந்தார்கள். 1964 அக்டோபரில் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் ஐந்து லட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவுசெய்தது. அப்படித் தாயகம் திரும்பியவர்களில் ஒரு பகுதியினருக்குக் குமரி மாவட்டத்தில் வனத்துறை வளர்த்த அரசு ரப்பர் தோட்டங்களில் வேலை தரப்பட்டது. கோதையாறு, சிற்றாறு, மணலோடை, கீரிப்பாறை, காளிகேசம் என்று பேச்சிப்பாறை நீர்த்தேக்கத்தைச் சுற்றியும் அப்பாலும் பரந்த அத்தோட்டங்கள் 1984இல் அரசு ரப்பர் கழகமாயின. ஓர் ஒப்பந்தத்தில் பொருளை விளைவித்தவர்கள், இன்னோர் ஒப்பந்தத்தில் எண்ணிக்கையாக மாறினார்கள். இரண்டு பேரத்திலும் அவர்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வர்த்தக ஒப்பந்தம் நாட்டுக்கு லாபமா என்று கேட்பதோடு நிறுத்தினால் போதாது. லாபம் மரத்தடி வரை வருகிறதா என்றும் கேட்க வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

பின்னாளில் தாய்லாந்து, இந்தோனேசியா, மலேசியா மூன்றும் சேர்ந்து 2001 பாலி அறிவிப்பின் வழியே ஒரு கூட்டு அமைப்பை உருவாக்கின. 2016இல் ஆறு லட்சம் டன்னுக்கு மேல் ஏற்றுமதியைக் குறைத்து விலையைத் தாங்கப் பார்த்தன. அதற்குள் வியட்நாமும் மேற்கு ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்ட்டும் வளர்ந்துவிட்டன. எல்லோரும் சேராத கூட்டணியால் விலையைத் தாங்கிப்பிடிக்க முடியாது என்ற 1928இன் பாடம் மீண்டும் படிக்கப்பட்டது.

சிரட்டையிலிருந்து கண்டெய்னர் வரை

உலகச் சந்தையைத் திட்டுவது எளிது. நம் ஊர்ச் சந்தையையும் கொஞ்சம் பார்ப்போம். மரத்தில் வடியும் பாலில் ரப்பர் மூன்றில் ஒரு பங்குதான். மீதி பெரும்பாலும் தண்ணீர். எவ்வளவு ரப்பர் இருக்கிறது என்பதை 'டி.ஆர்.சி.' என்ற கணக்கால் அளப்பார்கள். மழை நாளில் ஒரு கணக்கு, கோடையில் ஒரு கணக்கு. பாலாக விற்பவருக்கு அந்த அளவை எடுத்துச் சொல்பவர் பெரும்பாலும் வாங்குபவரே. ஒன்றிரண்டு சதவீதம் குறைத்துச் சொன்னாலும் மறுத்துப்பேச விவசாயியிடம் கருவி இல்லை.

ஷீட்டாக விற்றால் கூடுதல் விலை. ஆனால் பாலை வடிகட்டி, ஆசிட் விட்டு உறையவைத்து, ரோலரில் அழுத்தி, புகைப்புரையில் நாள்கணக்கில் உலர்த்த வேண்டும். ஆள் கிடைக்காத காலத்தில் பலரும் பாலாகவோ, தானே உறைந்த ஒட்டுப்பாலாகவோ கொடுத்துவிடுகிறார்கள். புகைப்புரை இல்லாதவர் வெயிலில் காயவைத்த ஷீட்டை மலைவிளைபொருள் வாங்கும் மலஞ்சரக்குக் கடைக்குக் கொண்டுபோனால், கடைக்காரர் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துத் தரம் சொல்கிறார். அந்தக் கண்பார்வைதான் இறுதித் தீர்ப்பு. கடைக்காரரை மட்டும் குறைசொல்லவும் முடியாது. அவசரத்துக்கு முன்பணம் தருபவர் அவர்தான். வங்கி மூடியிருக்கும் ஞாயிற்றுக்கிழமையும் கடை திறந்திருக்கும். முன்பணத்தின் வட்டி, தரத்தின் விலைக்குள்ளே மறைந்திருக்கிறது.

டயர் ஆலையின் கண்ணில் இது வேறுவிதமாகத் தெரிகிறது. அங்கே இயந்திரம் ஒரேவிதமான சரக்கைக் கேட்கிறது. இந்தோனேசியாவிலிருந்தோ வியட்நாமிலிருந்தோ வரும் பிளாக் ரப்பர், ஆய்வகச் சான்றோடு, கண்டெய்னர் கண்டெய்னராக ஒரே தரத்தில் இறங்குகிறது. குமரியிலிருந்து அதே கண்டெய்னரை நிரப்ப நூற்றுக்கணக்கான வீடுகளின் ஷீட்டைச் சேர்க்க வேண்டும். ஒன்று தேன் நிறம், ஒன்று கறுப்பு, ஒன்றில் பூஞ்சை. நம் பால் மட்டமானதல்ல. இரண்டு பருவமழையும் அளவாகப் பெய்வதால் இலையுதிர் நோய் குறைவான மாவட்டம் இது; நாட்டின் நாற்றங்கால்களுக்கு ரப்பர் விதை இங்கிருந்துதான் பெருமளவில் போகிறது. மரத்தில் இருக்கும் தரம் கடைக்கு வந்து சேரும் வழியில் சிதறிவிடுகிறது.

ஆலைகளும் புனிதர்கள் அல்லர். 2011-12இல் கூட்டுச்சேர்ந்து டயர் விலையை நிர்ணயித்ததாக ஐந்து டயர் நிறுவனங்கள்மீது இந்தியப் போட்டி ஆணையம் 1,788 கோடி ரூபாய் அபராதம் விதித்த உத்தரவு 2022இல் வெளியானது. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அதை மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பியிருப்பதால் குற்றம் இறுதியாகவில்லை. ஆனால் பொருளாதாரப் பாடம் தெளிவு: விரல்விட்டு எண்ணத்தக்க ஆலைகள் ஒரு பக்கம், லட்சக்கணக்கான அரை ஹெக்டேர்காரர்கள் மறுபக்கம் என்றிருக்கும் சந்தையில் பேரம் என்பதே நடப்பதில்லை.

ஐரோப்பா கேட்கும் பிறப்பிடம்

இப்போது வாங்குபவனுக்கு ஒரு புதிய அவசரம் வந்திருக்கிறது. 2023 ஜூனில் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் காடழிப்புத் தடுப்பு ஒழுங்குவிதி, கோகோ, காபி, பாமாயில், சோயா, மரம், கால்நடை ஆகியவற்றோடு ரப்பரையும் சேர்த்திருக்கிறது. 2020 டிசம்பர் 31க்குப் பிறகு காடழித்து உருவான நிலத்தின் ரப்பரோ, அதில் செய்த டயரோ ஐரோப்பாவுக்குள் நுழைய முடியாது. ஒவ்வொரு சரக்குக்கும் அது விளைந்த நிலத்தின் புவியிடக் குறிப்பைக் காட்ட வேண்டும். நிறுவனங்கள்மீதான கட்டாயம் இருமுறை தள்ளிவைக்கப்பட்டிருக்கிறது. தள்ளிப்போனாலும் திசை மாறவில்லை. இந்தியாவின் டயர் ஏற்றுமதிக்கு ஐரோப்பா பெரிய சந்தை என்பதால் ஆலைகள் இதைப் புறக்கணிக்க முடியாது.

இதில் குமரிக்கு என்ன? இதே மலைத்தொடரில் விளையும் கன்னியாகுமரி கிராம்பு 2021இல் புவிசார் குறியீடு பெற்றது. மட்டி வாழைப்பழம் 2023இல் பெற்றது. வாயில் போடும் பொருளுக்கு ஊர்ப்பெயர் மதிப்பைக் கூட்டும். ரப்பருக்கோ, மலஞ்சரக்குக் கடைத் தராசில் ஏறிய நொடியில் ஊர் போய்விடும். அதன்பின் அது வெறும் ஆர்.எஸ்.எஸ்.-4. ஐரோப்பிய விதி முதன்முறையாக ரப்பரிடம் 'நீ எந்த ஊர்?' என்று கேட்கிறது. தலைமுறைகளாக ரப்பர் நிற்கும் பட்டா நிலங்கள் குமரியில் ஏராளம். 2020க்குப் பிறகு காடழிக்கவில்லை என்று நிரூபிக்கச் சிரமமே இல்லாத நிலங்கள் அவை. நான்கு ஹெக்டேருக்குக் குறைந்த நிலத்துக்கு எல்லைக்கோடு முழுவதும் வரையத் தேவையில்லை. ஒரு புள்ளி போதும். இந்தியாவை 2025இல் ஐரோப்பிய ஆணையம் குறைந்த ஆபத்துள்ள நாடாகவும் வகைப்படுத்தியிருக்கிறது. ஐவரி கோஸ்ட்டுக்கும் இந்தோனேசியாவுக்கும் அந்தச் சலுகை இல்லை. தாய்லாந்தில் தடம் காட்டக்கூடிய ரப்பருக்கு 2024இலேயே உபரி விலை கிடைத்தது.

சிக்கலும் இங்கேதான், அதுவும் பேச்சிப்பாறையில்தான், கூர்மையாக இருக்கிறது. இந்த ஊரின் தோட்டங்கள் காப்புக்காட்டை ஒட்டியவை. அணைக்கு மேற்புறம் மலைகளில் காணிக்காரப் பழங்குடியினரின் குடியிருப்புகள் உள்ளன. அவர்களும் மிளகு, மரச்சீனியோடு ரப்பரும் வைத்திருக்கிறார்கள். ஐரோப்பிய விதி காடழிப்பை மட்டும் பார்ப்பதில்லை. நில உரிமை உட்பட விளையும் நாட்டின் சட்டப்படி விளைந்ததா என்றும் கேட்கிறது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி உரிமைப் பத்திரம் கைக்கு வந்த காணிக்காரர் தப்பிப்பார். வராதவரின் பால் சந்தைக்கு வெளியே தள்ளப்படும், அல்லது பத்திரம் உள்ளவர் பெயரில் குறைந்த விலைக்குப் போகும். தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அறிவிக்கப்பட்ட நிலங்களில் முதிர்ந்த ரப்பரை வெட்டி மறுநடவு செய்யவே அனுமதிக்காக அலையும் விவசாயிகள் இங்கே உண்டு. தலைமுறைகளாக ரப்பர் நிற்கும் நிலம் ஆவணத்தில் காடு என்று இருந்தால், பிரஸ்ஸல்ஸில் உட்கார்ந்து பார்ப்பவருக்கு என்ன புரியும்? காட்டைக் காப்பது நம் கடமை. அதில் இரண்டு கருத்து இல்லை. நம் வருவாய்த்துறைக்கும் வனத்துறைக்கும் இடையே தீராமல் கிடக்கும் கணக்கை ஏழை விவசாயியின் தலையில் கட்டுவது காட்டைக் காப்பது ஆகாது.

என்ன செய்ய வேண்டும்?

முதலாவதாக, ரப்பர் வாரியம் நிலப்புள்ளிகளைக் குறிக்கும் பணியைத் தொடங்கியிருக்கிறது. அந்தத் தரவு விவசாயியின் சொத்து என்பது எழுத்தில் வர வேண்டும். வியாபாரியோ ஏற்றுமதியாளரோ தன் செலவில் படம் எடுத்து, தன் கணினியில் வைத்துக்கொண்டால், முன்பணம் கொடுத்துக் கட்டிப்போட்டதைப்போல இது இன்னொரு கட்டாகிவிடும். உற்பத்தியாளர் சங்கங்களே தம் உறுப்பினர்களின் நிலக் குறிப்பை வைத்திருந்து, சான்றோடு சேர்த்துச் சரக்கை விற்க வேண்டும். ஆலைக்குத் தேவைப்படுவது சான்று. அதைத் தனித்துத் தரும் வலு எந்த அரை ஹெக்டேர்காரருக்கும் கிடையாது, நூறு பேர் சேர்ந்தால் உண்டு.

இரண்டாவதாக, ரப்பர் உற்பத்தியாளர் சங்கங்கள் என்ற ஏற்பாடு 1980களிலிருந்தே இருக்கிறது. குமரியில் அவற்றுக்குப் பொதுப் புகைப்புரையும், டி.ஆர்.சி. சோதனை நிலையமும், இரண்டு மாதச் சரக்கைத் தேக்கும் கிடங்கும், கிடங்கு ரசீதின் மீது கடனும் கிடைத்தால், மழைக்கால உச்ச விலையில் பங்கு கேட்க முடியும். ரப்பர் வாரியம் 2022இல் தொடங்கிய இணையச் சந்தையான எம்ரூப்பில் தனி விவசாயி விற்பது கடினம், சங்கம் விற்கலாம். பேச்சிப்பாறையில் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. சோதனைக் கருவியைக் கையாளக் கற்றுத்தரவும், ரப்பருக்கிடையே கிராம்பு, பட்டை, கொடம்புளி போன்ற ஊடுபயிர் வழிகாட்டவும் தூரத்து நிபுணர் தேவையில்லை.

மூன்றாவதாக, அரசு ரப்பர் கழகம். கூலிக்கும் நட்டத்துக்கும் இடையே தள்ளாடும் இந்நிறுவனம், ஒரே நிர்வாகத்தின் கீழ் பெரும்பரப்பும், பாலைச் செறிவூட்டும் ஆலையும் கொண்டது. இம்மாவட்டத்தில் முதல் தடம் காட்டும் கண்டெய்னரை அனுப்பும் தகுதி அதற்கே உண்டு. சிறு விவசாயிகளின் பாலையும் நியாயமான டி.ஆர்.சி. அளவில் வாங்கினால், கழகம் பிழைக்கும். வட்டார விலைக்கு ஒரு நேர்மையான அளவுகோலும் கிடைக்கும்.

நான்காவதாக, கேரளத்தைப்போன்ற அடிவிலை உறுதி. இதற்கு எதிராக ஒரு நியாயமான வாதம் உண்டு: அடிவிலை தந்தால் எல்லோரும் ரப்பரே வைப்பார்கள், உணவுப்பயிர் அழியும். 1906இல் நாஞ்சில் நாட்டு நெல்லுக்காகத் திருவிதாங்கூர் அரசு கட்டி முடித்த பேச்சிப்பாறை அணையின் பாசனப் பரப்பில் ரப்பரும் தென்னையும் கட்டடமும் பரவியதைக் கண்டவர்கள் இந்த வாதத்தைத் தள்ளிவிட முடியாது. ஆகவே அடிவிலையை ஒரு குறிப்பிட்ட பரப்புக்குள், ஏற்கெனவே ரப்பர் நின்ற நிலத்துக்கு, வயலை மாற்றாதவருக்கு என்று வரையறுத்துத் தர வேண்டும். நிலப்புள்ளித் தரவு கையில் இருந்தால் அந்த வரையறையைச் சரிபார்ப்பதும் எளிது.

சிறு ரப்பர் பொருள் உற்பத்தியாளர்களின் கவலையையும் மறக்கக் கூடாது. விலை உயர்ந்தால் செருப்பு, கையுறை, ரப்பர் பேண்டு செய்யும் சிறு தொழிற்கூடங்கள் முதலில் அடிபடும். அவர்களுக்கு வேண்டியது மலிவான ரப்பரைவிட, நாளுக்கு நாள் தாவாத விலை. சங்கங்களோடு மாதக்கணக்கில் விலை ஒப்பந்தம் செய்யும் வாய்ப்பு இருந்தால் இரு தரப்புக்கும் நிம்மதி. மலேசியா தாய்லாந்திலிருந்து பால் வாங்கி, உலகுக்கே கையுறை செய்து விற்கிறது. பால் சுரக்கும் குமரியிலோ ரப்பர் தொழிற்பூங்கா என்பது பேச்சாகவே பல தேர்தல்களைக் கடந்திருக்கிறது.

நூறாண்டு ரப்பர் வணிகத்தில் பேரம் பேசி வென்றவர்கள், வாங்குபவனுக்கு வேறெங்கும் எளிதில் கிடைக்காத ஒன்றைக் கையில் வைத்திருந்தவர்கள். 1952இல் அது ரப்பராகவே இருந்தது. இனி வரும் ஆண்டுகளில் அது ரப்பரோடு சேர்ந்து வரும் நிலச் சான்று. ஐரோப்பா தந்திருக்கும் அவகாசம் முடிவதற்குள், அந்தச் சான்று சங்கங்களின் பெயரில் பதிவாகிறதா, இடைத்தரகர்களின் பெயரில் பதிவாகிறதா என்பதைத் தமிழக அரசும் ரப்பர் வாரியமும் தீர்மானித்தாக வேண்டும். அந்தக் கோப்பு யாரிடம் இருக்கிறதோ, அடுத்த பத்தாண்டுக்குப் பேச்சிப்பாறைப் பாலுக்கு விலை சொல்பவர் அவரே.